மாமா கேட்ட சட்டசபை

அந்தமானில் வாக்கப்பட்ட அத்தை, மாமாவோடு ஊருக்கு வந்திருந்த சாரல் காலத்தில்தான் தென்காசியைத் தனி மாவட்டமாக்கும் அறிவிப்பு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஒரே வெடிச் சத்தம். யாரோ வந்து எல்லார் கையிலும் லட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

மாவட்டத்தைத் தானே கேட்டு வாங்கியவர் போல அப்பா, “இனும கலெக்டரைப் பாக்கத் திருநெல்வேலிக்குப் போவாண்டாம் அத்தான்” என்றார்.

மாமா சிரித்தார். அவர் பிறந்ததே போர்ட் பிளேயரில்தான். “எங்களுக்கு எதுன்னாலும் டெல்லிதான் மச்சான். எங்கப்பா காலத்துல எம்.பி.யைக்கூட அவங்களே நியமிச்சாங்க. அப்புறம் அதுக்கு ஓட்டு வந்துச்சு. சட்டசபைதான் இன்னும் வரல.”

“அப்போ உங்க எம்.எல்.ஏ. யாரு மாமா?” என்றேன்.

“எங்களுக்கு எம்.எல்.ஏ.வே கிடையாதும்மா. அதைத்தான் நாங்க கொஞ்சப் பேரு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கோம்.”

எனக்குப் பாவமாக இருந்தது. அப்பாவோ அதையே பிடித்துக்கொண்டார். “இலஞ்சியில ஒரு மனை பாத்து வச்சிருக்கேன். ரிட்டயரானதும் இங்கன வந்துருங்க. இங்க சட்டசபைக்கு ஓட்டும் இருக்கு, அருவியும் இருக்கு.”

அத்தை சட்டென்று மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு போனிலும் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்காமல் அவள் வைத்ததில்லை.

“ஓட்டு அங்கதானே வேணும்னு கேட்டேன்? பாதியில விட்டுட்டு வந்தா நான் கேட்டதே பொய்யாப் போயிரும் மச்சான்” என்றார் மாமா. அத்தை தன் லட்டை என் கையில் கொடுத்துவிட்டாள்.

ரயிலேறும் நாளில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “மாமாவுக்குச் சட்டசபை கிடைச்சதும் வந்துருவியல்லா அத்தே?” என்றேன். “நல்லா சாமி கும்பிட்டுக்கோட்டி” என்றாள்.

கும்பிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் காசி விஸ்வநாதர் முன்னால் கண்ணை மூடி, அந்தமானுக்குச் சீக்கிரம் ஒரு சட்டசபை கொடு என்று வேண்டினேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு வேண்டுதலைச் சாமி வேறு யாரிடமிருந்தும் கேட்டிருக்காது. மாமா ரிட்டயராகி அங்கேயே இருக்கிறார். சட்டசபை இன்னும் வரவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டால் மாமா அந்த மண்ணை விட்டு அசையவே மாட்டார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும். தெரிந்துதான் கும்பிடச் சொன்னாள்.