நான் மறைத்த வரி

அக்காவின் திரையில் சிவப்பாக நின்ற அந்தப் பிழைச் செய்தி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. படூரில், கணித ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் அலுவலகத்தில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. உடன்பிறந்தவர் இல்லை; எல்லோருக்கும் அவர் அக்காதான். கணக்கில் பட்டம் வாங்கியவர், படாளத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவார். சூத்திரம் ஓடாமல் நின்றால் நாங்கள் மென்பொருளைத் திட்டுவோம். அவர் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு பிராக்கெட் மூடல தம்பி, அதான் கத்திகினு கீது" என்பார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சீக்கிரம் கிளம்ப நேர்ந்தால், மிச்ச வேலையை அவருடைய லாகினிலேயே இன்னொருவர் முடித்துவிடுவார். அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வர, அக்கா ஓடினார். மிஞ்சியது ஒரே பிழை. நீளமான சமன்பாட்டின் நடுவரி என்ன செய்தும் மசியவில்லை. ஆபீஸ் வண்டி வேறு கிளம்பப் போகிறது. அந்த வரிக்கு முன்னால் ஒரு சதவீதக் குறியைப் போட்டேன். போட்டால் மென்பொருள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, பிழையும் போய்விடும். காலையில் சரிசெய்யலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் சுத்தமாக மறந்துவிட்டேன்.

இதழ் வெளியானதும், நடுவரி இல்லாத நிரூபணத்தைப் பார்த்துக் கட்டுரையாளர் கொதித்துப்போய் எழுதினார். கோப்பில் இருந்தது அக்காவின் பெயர். மேலாளர் அறையிலிருந்து வந்த அக்கா என்னிடம் கேட்டார்: "நீ கடைசியா பாத்தியே தம்பி, எதுனா கண்ல பட்டுச்சா?"

"இல்லக்கா" என்றேன்.

"அப்ப நான்தான் அவசரத்துல இன்னாவோ பண்ணிகீறேன்" என்றார். என் வேலை நிரந்தரமாகப் போகிற சமயம் அது. கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேட நான் விரும்பவில்லை. அந்த மாதமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். துணிக்கடையில் வேலையாம். பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு சேரப்போகும் மகள்.

"கணக்கு குரூப்தான் வோணும்னு நிக்கிது. நான் வோணாம்ன்றேன். நம்ம கை கணக்குக்கு ஆவாது தம்பி, எம்மாம் பாத்து செஞ்சாலும் ஒரு வரி உட்டுப்பூடும். நீயே சொல்லு இதுக்கு."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"அம்மா சொல்றதக் கேளும்மா" என்றேன்.