நான்காம் பாட்டில் ஒரு நிறுத்தம்

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்பது அவருடைய குரலை அல்ல, தாளத்தை. கூண்டின் கூரைமேல் குந்தியபடி, ஸ்பானரால் தட்டிக்கொண்டேதான் வேலை பார்ப்பார். உள்ளே வியர்த்து நிற்பவர்களுக்கு அந்தத் தட்டல்தான் ஆறுதல். திடீரென்று அது நின்றுவிடும். உள்ளே மூச்சும் நின்றுவிடும். கடவுள் இல்லை என்று கறாராக இருப்பவர்கள்கூட அந்த இடைவெளியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பிறகு தட்டல் தொடரும்.

"மேல என்னய்யா ஆச்சு?" என்று யாராவது கத்தினால் கூரையிலிருந்து நிதானமாகப் பதில் வரும்: "ஒண்ணும் ஆகல சார். நாலாவது பாட்டு. அங்க அப்படித்தான் நிக்கும்."

எங்கள் எதிர்வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். வேலை உயரத்தில் என்பதாலும், தலைக்குள் எந்நேரமும் கச்சேரி நடப்பதாலும் குடியிருப்பில் அவருக்கு 'மேல்மாடி' என்று பெயர். சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் கோபித்துக்கொள்ள உலகில் ஒரே விஷயம்தான் உண்டு, அது அந்த ராக் ஆல்பம்.

நான்கு பையன்கள் சேர்ந்து போட்ட ஒரே ஆல்பம். அப்புறம் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். பெற்றவர்களையும் மேல்மாடியையும் தவிர அவர்களை நினைவு வைத்திருப்பவர் யாருமில்லை. குழந்தை பிறந்த புதிதில், கூட வேலை பார்த்தவர் வீட்டில் முதல் பாட்டைக் கேட்டுக் கிறங்கி, இசைத்தட்டை இரவல் வாங்கி வந்தார். அன்றே திருப்பித் தர வேண்டும், அவருக்கோ டூட்டி. கேசட்டில் பதிவு செய்யும் பொறுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓடினார். தட்டு அதன் சொந்தக்காரரோடு கடல் கடந்து போய்விட்டது. கேசட் இன்றும் ஓடுகிறது.

நானும் கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டில் இருப்பதால் வேறு வழியில்லை. முதல் பாட்டு, கிளம்ப மறுக்கும் லாரி மாதிரி இருமிக்கொண்டு தொடங்கும். பாடுபவருக்கு, வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போடுகிறவரின் தொண்டை. அந்தக் காலத்தில் ஊரே பூசிக்கொண்ட மினுக்குச் சத்தங்கள் ஒன்றுகூடக் கிடையாது. வாடகை அறையை மாலைக்குள் காலி செய்ய வேண்டியவர்களுக்கு அலங்காரத்துக்கு ஏது நேரம்? அன்று கொடிகட்டிப் பறந்த ஆல்பங்களை இன்று கேட்டால், பழைய கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பார்ப்பதுபோலச் சிரிப்பு வருகிறது. இதில் சிரிக்க இடமில்லை. காலரே இல்லை.

"அவசரமாப் பண்ணினது. ஆனா அலட்சியமாப் பண்ணல," என்பார் மேல்மாடி. "அதான் இன்னும் நிக்குது."

ஆனால் அவருடைய முழுச் சொத்தும் நான்காம் பாட்டில் இருக்கிறது. எல்லா வாத்தியமும் உச்சிக்கு ஏறும்போது சட்டென்று ஒரு மௌனம். அவருடைய ஆள்காட்டி விரல் மேலே போகும். பாட்டு திரும்ப விழும்போது விரலும் விழும். "ஓடுறது மோட்டார் வேலை. நிக்கிறதுதான் மெக்கானிக் வேலை," என்று விளக்கமும் உண்டு.

இதை நம்பாதவர் அவருடைய மச்சினர். கணக்குத் தணிக்கைக்காரர். சரியாக இருக்கும் கணக்கைக் கண்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது.

"எந்த ட்ரம்மரும் நடுவுல கைய எடுத்துட்டு வேடிக்கை பாக்க மாட்டான் மாமா. உங்க கேசட்டுல ஓட்டை."

"ஓட்டைன்னு காட்டு மாப்ள. அப்புறம் இந்த வீட்டுல அது ஓடாது. போதுமா?"

மேல்மாடி வாக்கு மாறுகிறவர் அல்ல. அவருடைய மனைவிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஓட்டை போட்டவரே அந்த அக்காதான். பதிவு ஓடும்போது, தூங்கிய குழந்தை சிணுங்க, சத்தத்தைக் குறைப்பதாக எண்ணிப் பதிவுக் குமிழைத் திருகிவிட்டார். குழந்தை புரண்டு படுத்ததும் ஏற்றிவிட்டார். "ராத்திரி வந்து கேட்டவரு, அந்த இடத்துல கண்ணு கலங்கிட்டாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" என்று என் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாராம். சத்தியம் என்பதால் எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

போன ஞாயிறு, மச்சினர் எங்கிருந்தோ அதே இசைத்தட்டைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார். ஓட்டும் கருவியையும் தூக்கி வந்து, அந்த வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். சாட்சிகளாக நானும் என் மனைவியும். மேல்மாடி நாற்காலியில் சாய்ந்து, கால்களை ஆம்ப்ளிஃபயர் வரை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

லாரி இருமியது. மூன்றாம் பாட்டில் மச்சினரின் பாதம் தானாகத் தாளம் போட்டது. அவர் அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார்.

நான்காவது தொடங்கியது. அக்கா எழுந்தார். வழியில் கணவரின் கால்கள் இருந்ததால் எங்கள் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போய், துணியால் ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கத் தொடங்கினார். இது துடைக்கிற நேரமா என்று யாரும் கேட்கவில்லை. மச்சினரின் கண் மாமாவின் முகத்தைவிட்டு அசையவில்லை. தோல்வியை அங்கேதான் பார்க்க வேண்டும் என்று வந்தவர் அவர். வாத்தியங்கள் ஏறின. நான் லிஃப்டில் மாட்டியவனைப் போல நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

விரல் மேலே போனது. துணிக்குள் இருந்த கை திரும்பியது.

மௌனம். தட்டின்மேல் முள் மட்டும் எறும்புக் குரலில் பாடிக்கொண்டே இருந்தது. மின்விசிறி அதை மூடிவிட்டது.

விரல் விழுந்தது. அதே இமைப்பொழுதில் பாட்டும் விழுந்தது, ஓர் இழை பிசகாமல்.

"நிக்குதே," என்றார் மச்சினர், தனக்குத்தானே.

அக்கா துணியை உதறினார். இந்த முறை சுற்றி வரவில்லை, நேராகவே வந்தார். கண்ணைத் திறக்காமலே மேல்மாடி கால்களை மடக்கி வழிவிட்டார்.