படத்தால வாற கள்ளன்

உப்புக்குளத்தில கொம்பியூட்டர் திருத்திற ஒரு மனிசன். மெலிஞ்ச ஆள், கதைக்கேக்க ஆற்ற முகத்தையும் பாக்கமாட்டார், திரையைத்தான் பாப்பார். மகளின்ர கம்பஸ் படிப்பு வேலை முழுக்கக் கிடக்கிற லப்டொப்பை அவரிட்டைக் கொண்டுபோனனான். அது அப்டேற் கேட்ட நேரமெல்லாம் வேண்டாமெண்டு அமத்தினது நான்தான். ஓடுற எஞ்சினில கை வைக்கிறேல்ல எண்டது கடற்தொழில் செய்யிற எங்கட வழக்கம், நான் அதை எல்லாத்துக்கும் பாவிக்கிறனான்.

அவர் திறந்து பாத்திட்டு, "அண்ணை, திரையில படம் காட்ட வைக்கிற டிரைவர் எண்ட மென்பொருளில ஓட்டை. படம் அளவுக்கு மிஞ்சிப் பெரிசெண்டா, அளவு எண் நிரம்பித் திரும்பப் பூச்சியத்துக்கு வந்திடும். இடத்தைக் கொஞ்சமா ஒதுக்கும், மிச்சம் பக்கத்தில வழியும். அதைப் பிடிச்சுக் கள்ளன் உள்ளுக்கு வருவான்."

"பெட்டி நிரம்பி நண்டு வெளியில ஏறுறமாதிரியோ?"

"ஓம். ஆனா நண்டு பூட்டுத் திறக்காது."

அப்டேற் ஏத்தி முடிச்சார்.

"ஏற்கெனவே ஆரும் பூந்திட்டாங்களோ?" எண்டன்.

"பூந்தவன் சொல்லிப்போட்டுப் போகமாட்டான், அண்ணை."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிசன். மகளுக்கு அந்தப் பொய்யை நான்தான் சொல்லவேண்டி வந்தது.