திரிச் சத்தமும் தீப்பெட்டிச் சத்தமும்

1. மார்க் சைபர்

பார்வையற்றவர்கள் உடற்பயிற்சி செய்வதற்கான வீடியோ கேம்களை விருதுநகரில் உருவாக்குகிறோம். ஹெட்போனில் எந்தப் பக்கம் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் எட்டு வைத்துக் கையை வீச வேண்டும். எதிரே உள்ள கேமரா பார்த்து மார்க் போடும்.

அன்று டெஸ்ட்டிங். ஒரு கேம் என்னுடையது. இன்னொன்று, பிசியோதெரபி வேலையை விட்டுவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்த எஸ்தருடையது. இரண்டில் ஒன்றைத்தான் வெளியிடுவார்கள். தலை நரைத்த நான் காலையிலிருந்து நான்கு முறை பாத்ரூம் போயிருந்தேன்.

விளையாட வந்தவர் ஆமத்தூரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் பாண்டியம்மாள் அக்கா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். என் கேமில் வெடித் திரி புஸ்ஸென்று எரியும். எட்டி அடித்து அணைக்க வேண்டும். சிவகாசிக்குப் போய் நானே ரெக்கார்டு செய்த சத்தம். அக்கா கேட்டார். ஓர் எட்டு பின்னால் போனார். இன்னும் ஓர் எட்டு. கேமராவுக்கு எட்டாத தூரத்துக்கே போய்விட்டார். மார்க் சைபர்.

"அடிங்கக்கா!" என்று கத்தினேன்.

"திரி பத்துன சத்தம் கேட்டா எவளாச்சும் கிட்ட போவாளா தம்பி? நீங்க போவீகளா?"

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முதலாளி சிரித்தார். "ஏலே, சத்தம் அம்புட்டு நல்லா எடுத்துருக்கலே!"

2. ஹெட்போன்

எஸ்தர் கேமில் தீப்பெட்டி குலுங்கும். கை நீட்டிப் பறிக்க வேண்டும். அவ்வளவுதான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு நான்தான் அக்காவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

திரையில் பெட்டி இடப்பக்கம். அக்கா வலப்பக்கம் பறித்தார். அடுத்ததும் தப்பு. ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறேன் என்பது அப்போதே விளங்கிவிட்டது. மாட்டியது பதற்றத்தில். வாயைத் திறக்காமல் நின்றது பொறாமையில். எஸ்தர் முகம் வாட வாட எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

அக்கா நின்று, ஹெட்போனைத் தடவிப் பார்த்தார். "ஒயரு இடது பக்கம்லா வரணும்? யாரு மாட்டிவிட்டது?"

"நான்தாங்க்கா..."

"கண்ணு இருக்குன்னு நம்பி உங்ககிட்ட தலையக் குடுத்தேன் பாருங்க!"

திருப்பி மாட்டிக்கொண்டு ஒரு பெட்டி விடாமல் பறித்தார். வியர்க்க வியர்க்க, "இன்னொருக்கா போடு தாயி" என்றார். எஸ்தர் கேமைத்தான் வெளியிட்டார்கள்.

சாயங்காலம் அவளிடம், "ஹெட்போன் மாறிருச்சுன்னு ரெண்டாவது தப்புலயே எனக்குத் தெரியும்மா" என்றேன்.

"இப்பத்தான் விளங்குது. உங்க முழியே சரியில்லண்ணே" என்றாள்.

இப்போது எங்கள் எல்லா கேமும், "இடது காதில் மணி கேட்டால் இடது கையைத் தூக்குங்கள்" என்றுதான் தொடங்கும். அந்தக் குரல் என்னுடையது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: ஹெட்போனை விளையாடுபவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் செய்த கேம் என்றால், கொடுத்துவிட்டு இரண்டு எட்டு தள்ளியும் நில்லுங்கள்.