பாக்கெட்டில் இருந்த கை

பென்ஷன் நின்றுவிட்டது என்று, ஊர்ச் சச்சிவாலய ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் வாசலில் வந்து சொன்னபோது, எனக்குக் கோபம் என் வீட்டுக்காரர்மேல்தான் வந்தது.

சின்ன வயதில் போலியோ வந்து அவருக்கு வலது கால் சூம்பிப்போனது. மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். முட்டி வலி அதிகமாகி அதுவும் போய்விட்டது. யாரிடமும் கேட்காமல் அவர் கைக்கு வந்த காசு ஊனமுற்றோர் பென்ஷன் ஒன்றுதான். ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறைந்தால் அது கிடையாது. எல்லோரையும் மறுபடி பரிசோதிக்கிறோம் என்று திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். என் மகாராசன் என்ன செய்தார்? இஸ்திரி போட்ட பேண்ட்டை மாட்டிக்கொண்டு, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, டாக்டர் முன்னால் கலெக்டர் மாதிரி நடந்துகாட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் அவர் நடப்பது வேறு. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து தொடையைக் கையால் அழுத்தினால்தான் முட்டி மடங்காமல் நிற்கும். வெளியே போனால் அந்தக் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். உள்ளேயிருந்தே தொடையை அழுத்திக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு லேசாக நொண்டுகிற மாதிரிதான் தெரியும். டாக்டருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நாற்பதுக்குக் கீழே எழுதிவிட்டார்.

"அவ்ளோ பெரிய டாக்டர் எதிர்க்க கோணிக்கினு நடக்கச் சொல்றியா?" என்றார்.

"உன் அழகப் பாத்துட்டுத்தான் பென்ஷன கட் பண்ணிட்டாங்க. சந்தோஷமா மாமா?"

மண்டல ஆபீஸில் அப்பீல் எழுதிக் கொடுத்தோம். மறுபரிசோதனைக்கு நாள் வந்தது. இந்த மனுஷனை நம்பி அழைத்துப்போக எனக்குத் தைரியம் இல்லை. முதல் நாளே காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளையார் முன்னால் பிரமாணம் செய்துவிட்டு மீறுகிற துணிச்சல் எங்கள் பக்கத்தில் எவனுக்கும் கிடையாது. குடியை விடுகிறவர்கள் குளத்தில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு நின்றிருந்தார்கள். நடுவில் இவர்.

"நீ இன்னா வுடப் போற, அண்ணா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"பேண்ட்டுப் பாக்கெட்ட," என்றேன் நான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் நடக்கிறபடியே டாக்டர் முன்னாலும் நடப்பேன் என்று இவர் பிரமாணம் செய்தார்.

மறுநாள் வேட்டி கட்டவைத்துத் திருப்பதிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா நடக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, போன தடவை ஏன் இப்படி நடக்கவில்லை என்று தெலுங்கில் கேட்டார். இவரும் தெலுங்கிலேயே சொன்னார். என்னைப் பெண் பார்க்க வருவதற்காகப் பழகிக்கொண்டதாம். இந்த நடையைப் பார்த்தால் இவள் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயமாம். அதற்கப்புறம் வெளியே கிளம்பினாலே கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறதாம். ஆட்களைக் கண்டால் ஒளிக்கிற சின்ன வயதுப் பழக்கம் அது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்பீல் ஜெயித்துப் பென்ஷன் திரும்ப வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. பரிசோதனை முடிந்து அன்றைக்கே சித்தூர் பஸ்ஸில் திரும்பினோம். புத்தலப்பட்டு தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ரொம்ப அசிங்கமா இருந்துச்சா?" என்றார்.

இனிமேலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

"பொண்ணு பாக்க வந்தியே, அன்னிக்கி நான் மாடில வத்தல் காயப்போட்டுக்கினு இருந்தேன். நீ பஸ்ஸ வுட்டு எறங்கி, தொடையப் புடிச்சிக்கினு வெயில்ல வந்தத மேலருந்து பாத்தேன். எங்க தெருமுனை வந்ததுக்கப்புறம்தான் கைய பாக்கெட்ல வுட்ட."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் சரின்னியா?"

"எங்கூட்டுக்கு வரதுக்கு ஒரு மனுஷன் இத்தினி கஷ்டப்பட்டு நடந்து வராரேன்னு, அப்பவே சரின்னுட்டேன் மாமா."