வேடியப்பன் கல்லடியில் விழுந்த சடை

என் பெரியப்பா மகனை, அவன் எங்கள் ரத்தம் என்று தெரிந்தே, எங்கள் வகையறா இல்லை என்று விரட்ட வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதை நீங்கள் நம்பாமல் போகலாம், இதையாவது நம்புங்கள். பேய், சாமி, குறி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மிஷன் பள்ளியில் படித்தவன், நந்திதுர்க் சுரங்கத்து டைம் ஆபீஸில் கிளார்க்கு, எங்கள் ஜனங்கள் ஆட்டின் மேல் தண்ணீர் ஊற்றி முடிவு கேட்பதைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டவன்.

வட ஆற்காட்டிலிருந்து தங்க வயலுக்கு வந்த எங்கள் வகையறா ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து, சுரங்கக் கூலிகள் குடியிருந்த லைன் கோடியில் தட்டி வீடுகளுக்குப் பின்னால் ஒரு கல்லை நட்டு வேடியப்பனை வைத்திருந்தது. பிள்ளைக்கு முதல் முடி அங்கேதான் இறக்க வேண்டும். குலசாமி தெரியாதவனுக்கு முடி இறக்க இடம் கிடையாது, பெண் கொடுப்பாரும் கிடையாது, செத்தால் தோள் கொடுக்கப் பங்காளியும் கிடையாது. யாராவது புதிதாக வந்து நானும் உங்கள் ஆள்தான் என்றால், அவன் கையாலேயே ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி ஒத்துக்கொண்டது என்று சேர்த்துக்கொள்வார்கள்.

அப்படித்தான் ஏழுமலை வந்தான். இடுப்பில் அவன் பெண் குழந்தை, பச்சையம்மா. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி சிக்கேறி, செம்மண் படிந்து, சடையாகத் தொங்கியது.

"தாது வருசப் பஞ்சத்துல கஞ்சித் தொட்டியாண்ட என்னை உட்டுட்டுப் பூட்டாங்க. யார் யாரோ வளத்தாங்க. ஊர் பேரு மட்டும் நெனப்பு கீது. இதுக்கு முடி எறக்கணும், எங்க சாமி எதுன்னு தெரியல" என்றான்.

எங்கள் வகையறாவுக்குத் தலைவரான பெரியதனக்காரர், "இன்னாய்யா, தங்கம் எடுக்கிற ஊருன்னா சொந்தமும் மண்ணுல மொளைக்குதா? போன மாசம் ஒருத்தன் எனக்கு மச்சான்னு வந்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "வேற எதுனா நெனப்பு கீதா?"

"ஒரு பையன் வறுத்த புளியங்கொட்டை குடுத்தான். முழுங்காத, வாயிலயே வெச்சுக்கன்னான்."

அந்தப் பையன் நான். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்தப் பஞ்சத்திலேயே போய்விட்டார்கள், மூத்த கிளை அற்றுவிட்டது என்று சொல்லித்தான் கோயில் முதல் மரியாதையும் ஊரில் இருந்த நிலமும் என்னிடம் வந்திருந்தன.

"கிளார்க்கு, பஞ்சத்துல கஞ்சித் தொட்டியாண்ட இருந்தவன் நீதான். இன்னா சொல்ற?" என்று பெரியதனக்காரர் கேட்டார்.

"எனக்கு நினைவில்லை. சாமியே சொல்லட்டும்" என்றேன்.

ஆடு என் வீட்டில்தான் கட்டியிருந்தது. தண்ணீர் பட்டது அதற்கு உறைக்கக் கூடாது என்று அதன் காதுகளில் பஞ்சையும் மெழுகையும் திணித்தேன், முதுகு முழுக்க விளக்கெண்ணெய் தடவினேன்.

மறுநாள் ஏழுமலை குடம் குடமாக ஊற்றினான். ஆடு அசையாமல் நின்றது. அவன் அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தபா, ஒரே ஒரு தபா" என்று கெஞ்சினான். கூட்டத்திலிருந்து ஒருத்தி, "ஆட்டையும் மச்சான்னு கூப்ட்டுப் பாரேன்" என்றாள். பிறகு கற்கள் விழ ஆரம்பித்தன. ஒன்று குழந்தையின் தோளில் பட்டது. நான் எறியவில்லை, நிறுத்தவும் இல்லை.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு முடி இறக்கினோம். உச்சி வெயில், லைன் முழுக்க ஜனம், ஆகவே இருட்டில் ஏதோ பார்த்தேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. முடி எடுக்குமுன் ஆட்டிடம் உத்தரவு கேட்பதும் வழக்கம், ஆடு சிலுப்பவில்லை. காதுகளில் நானே விரலை விட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. குடங்கள் காலியாகிக்கொண்டே போக, ஜனம் முணுமுணுத்தது. "முடியை எடுங்கள், அது அப்புறம் சிலுப்பும்" என்று அதட்டினேன். நாவிதர் கத்தியை வைத்தார்.

என் மகனுக்கு எண்ணெய் தடவிச் சீவிய மெல்லிய கறுப்பு முடி. நம்பினால் நம்புங்கள், துணியில் விழுந்தது அது இல்லை. சிக்கேறி, செம்மண் படிந்த ஒரு நீளச் சடை பொத்தென்று விழுந்தது. அது விழுந்த கணமே ஆடு தலையிலிருந்து வால் வரை சிலுப்பியது, மஞ்சள் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. நாவிதர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "இது இந்தப் புள்ள முடி இல்லீங்க" என்று பின்வாங்கினார். என் மகன் தலை மொட்டையாக இருந்தது. அவன் முடியில் ஒரு இழைகூட அங்கே இல்லை.

"அந்தப் பொண்ணு சடை" என்றாள், அன்று கேலி செய்த அதே பெண். யாரும் சிரிக்கவில்லை.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன், புளியங்கொட்டை, மெழுகு, எல்லாம். பெரியதனக்காரர் என் முகத்தில் காறித் துப்பினார். "போய் அவனக் கூட்டிக்கினு வாடா. வர்ற வரைக்கும் உனக்கு இங்க பங்காளி யாரும் கெடையாது."

சடையைத் துணியில் முடிந்துகொண்டு லைன் லைனாகத் தேடினேன். பாலகாட் சுரங்கத்து லைனில் ஏழுமலை ஷிப்டு முடிந்து வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பச்சையம்மா நின்றாள், மொட்டைத் தலையோடு. என்னைக் கண்டதும் கடப்பாரையைத் தூக்கினான்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் தூங்கிக்கினு இருந்த புள்ள. எழுந்தா தலைல முடி இல்ல. எவன்டா என் பொண்ணு மேல கை வெச்சது? நீயா?"

நான் துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி அவன் காலில் விழுந்தேன். "நீதான் மூத்த கிளை. மரியாதை, நிலம் எல்லாம் உன்னுது. வா தம்பி."

"தம்பியா? கல்லு எறிஞ்சப்போ இன்னா மொறை வெச்சுக் கூப்ட்டே?" என்றான். "முடி எறக்கத்தான் வந்தேன். எறங்கிடுச்சு. இனி உன் சாமியும் வேணாம், உன் சொந்தமும் வேணாம். போ." சடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

நிலத்தை அவன் பெயருக்கு எழுதிவைத்தேன். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அது முள் மண்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு திருவிழாவிலும் பெரியப்பாவின் பெயரைச் சொல்லி, முதல் வரிசையில் யாரும் இல்லாத இடத்தில் முதல் மரியாதைக் குங்குமத் தட்டை நீட்டுகிறார்கள். நீட்டியதும் குங்குமத்தில் ஒரு விரல் தடம் விழுகிறது. சின்னப் பிள்ளையின் விரல். யாரும் தொடுவதில்லை, நான் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன். பச்சையம்மா பெங்களூரில் பேரன் பேத்தி எடுத்துவிட்டதாகக் கேள்வி. தடம் மட்டும் வளரவே இல்லை.

இப்போதெல்லாம் வயதைப் பார்த்து இரங்கி, எல்லாரும் எடுத்த பிறகு தட்டை என்னிடமும் நீட்டுகிறார்கள். விரலை அழுத்தி எடுக்கிறேன். குங்குமம் அப்படியே இருக்கிறது, என் விரலில் ஒரு துளிகூட ஒட்டுவதில்லை.