ஆறு விநாடியை இரண்டாக்கியவன்

உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஏரியில் நடந்த சோதனை அது. அன்று தோற்றது என் ஆராய்ச்சி மாணவியின் வேலை என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பவைத்தவன் நான்.

நீருக்கடியில் ரேடியோ அலை தூரம் போகாது. அதனால் அங்கே கருவிகள் ஒலியால் பேசிக்கொள்கின்றன. ஒலி மெதுவானது. செய்தி அனுப்பிய கருவி, 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் மறுபடி அனுப்பினால் இரண்டும் நீரில் மோதி, ஒன்றும் விளங்காமல் போகும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. லாரி ட்யூப் மேல் பலகை கட்டி, மாதக்கணக்கில் ஏரியில் மிதந்து அளந்து, ஆறு விநாடி என்று வைத்திருந்தாள்.

சோதனையைப் பார்க்கப் பார்வையாளர்கள் வருவதற்கு முந்தைய நாள், திரையில் பதில் இழுத்துக்கொண்டு வருவது எனக்கு அசிங்கமாகப் பட்டது. அவளிடம் சொல்லாமல் ஆறை இரண்டாக்கினேன். கல்லூரியின் சின்னத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு விநாடியில் ஒழுங்காக ஓடியது. அது போதும் என்று நினைத்தேன்.

அவளுடைய அப்பா அந்த ஏரித் தண்ணீரில் நெல் போடுகிறவர். மதகு இரைச்சல் கருவிகளின் ஒலியை அமுக்கிவிடும் என்று, ஊராரிடம் கெஞ்சி, சோதனை நாளன்று மதியம்வரை மதகை மூடவைத்திருந்தார். கதிர் பிடிக்கும் சமயம் வேறு.

சோதனை தொடங்கியதும், ஏரியில் இறக்கியிருந்த நான்கு கருவிகளும் ஒன்றின்மேல் ஒன்று கத்தின. திரையில் ஒரு செய்தியும் வரவில்லை.

"இன்னாபா, உன் பொண்ணு பெட்டிங்களுக்கு வாய் தொறக்கலியா? அங்க பயிரு காஞ்சிகினு கீது" என்று அவள் அப்பாவிடம் கேட்டார் கரையில் ஒருவர். சிரித்தார்கள்.

பார்வையாளர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "நேரத்தை இவங்க தப்பாக் கணக்குப் போட்டுட்டாங்க" என்றேன், அவளைக் காட்டி.

"நான் வெச்சது ஆறு சார். இதுல ரெண்டுன்னு இருக்கு."

"அப்போ யாரு மாத்தினது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். கருவிகளின் கடவுச்சொல் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் என்னைப் பார்த்தாள்.

அவளுடைய அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "தெரியாம பண்ணிட்டா சார். மனசுல வெச்சிக்காதீங்க. அவ பட்டம் உங்க கையிலதான் கீது."

"நைனா, வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள் அவள்.

"பரவாயில்லை" என்று நான் மன்னித்தேன்.

மறுவாரம் ஆராய்ச்சியை விடுவதாக ஒரு வரி எழுதி அனுப்பினாள். கையெழுத்துப் போட்டேன். பிறகு ஆறு விநாடியை வைத்தே ஓட்டிப் பார்த்து, என் பெயரில் கட்டுரையும் எழுதினேன்.

அவளுக்கு இன்னும் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. இதை மட்டும் எழுதியிருக்கிறேன். இதிலும் யார் பெயரையும் போடவில்லை, என் பெயர் உட்பட.